பால் ஊற்றிய காலை

சென்ற மாசியில், புற்றுநோய் முற்றிய என் அண்ணனை மருத்துவமனையிலிருந்து கீரமங்கலம் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் கண் திறக்கவில்லை.

"இழுத்துக்கிட்டுக் கெடக்கான். பாலை ஊத்துப்பா, நிம்மதியாப் போகட்டும்" என்றார் அத்தை.

உறவினர் சூழ்ந்து நிற்க, நானே முதல் கரண்டிப் பாலை அண்ணன் வாயில் ஊற்றினேன். புரையேறி முகம் கறுத்தது. பதறிப்போய்த் தூக்கி உட்கார வைத்தேன். இருமல் அடங்கியதும் அண்ணன் கண் விழித்தார்.

"அத்தை சொன்னது கேட்டுச்சுடா. அதுக்குள்ள என்ன அவசரம் ஒங்களுக்கு? எனக்குப் பயமா இருக்கு, கையப் புடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன். மாலையில் அந்தக் கை குளிர்ந்த பிறகுதான் விட்டேன்.

இப்போது அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போனால், பால் தம்ளரை நான் தொடுவதில்லை. கண் மூடிக் கிடப்பவரின் கையைப் பிடித்து, "நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று அவர் காதில் சொல்கிறேன்.