சுண்ணாம்பு அடித்த கற்கள்

ரிட்டயர் ஆனவர்கள் பறவை பார்க்கப் போகிறார்கள் என்றால் சாதுவான ஆட்கள் என்று ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் சாதுக்கள் இல்லை. ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவர்கள். அதில் முதல் ஆள் நான்.

சங்கரன்கோவிலில் எங்கள் குழுவில் பதினோரு பேர். பெரும்பாலும் வாத்தியார்கள், பேங்க்கில் இருந்தவர்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான் ஒருவன்தான். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். வீட்டில் இருந்தால் மனைவியோடு சண்டை. அதனால் சேர்ந்தேன். ஞாயிறு காலையில் வேன் பிடித்து, பெரும்பாலும் திருவேங்கடம் ரோட்டில் ஒரு கரிசல் தரிசுக்குப் போவோம். அது எங்கள் தலைவரின் நிலம். ஹெட்மாஸ்டராக இருந்தவர். எங்களையும் ஆறாம் வகுப்புப் பையன்களாகத்தான் நடத்துவார்.

பங்குனியில் அந்தத் தரிசில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. வெறும் தரையில் நாலு முட்டை, மண் நிறத்தில். எங்களில் ஒருவர் தெரியாமல் மிதிக்கப் போனார், கடைசி நேரத்தில் காலைத் தூக்கிக்கொண்டார். அடையாளம் வைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். டிப்போவில் பஸ் நிறுத்தும் இடத்துக்கு வெள்ளையடித்த கல் வைத்திருப்போம். அந்தப் புத்தி. மறுநாளே சுண்ணாம்பு வாளியோடு ஸ்கூட்டரில் போனேன். எட்டுக் கல்லுக்கு வெள்ளையடித்து முட்டையைச் சுற்றி வைத்தேன்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் பக்கத்தில் வந்து பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். முப்பது ஆடு வைத்திருந்தாள். சுற்றிலும் சோலார் கம்பெனிக்காரன் வேலி போட்டுவிட்டதால் ஆடு மேய மிச்சம் இருந்தது அந்த ஒரு தரிசுதான்.

"கல்ல எடுத்துருங்க அண்ணாச்சி. காக்கா பாத்துரும்" என்றாள்.

உன் ஆட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொள், அது போதும் என்றேன்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் போனோம். கற்கள் அப்படியே இருந்தன. முட்டை ஒன்றுகூட இல்லை. ஜோடிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. பக்கத்தில் ஆட்டுக் குளம்பு பதிந்திருந்தது. யாருக்கும் அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அவளைக் கூப்பிட்டு நிறுத்தினோம். பதினோரு பேர், கழுத்தில் பைனாகுலர், நடுவில் அவள். அதிகமாகக் கத்தியது நான்.

"ஏட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு? அவ்வளவு பெரிய வெள்ளக் கல்லு தெரியலையோ?"

"என் ஆடு மிதிக்கல அண்ணாச்சி. மிதிச்சா ஓடு கிடக்கும்லா. ஓடு எங்க?"

ஓடு இல்லை. ஒரு சொட்டு மஞ்சள் கரு இல்லை. அரை மைல் தூரத்தில் மரக்கிளையில் இருக்கும் பறவை ஆணா பெண்ணா என்று சண்டை போடுகிறவர்கள் நாங்கள். காலடியில் கிடக்காத ஓட்டைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. வாய் பேசுகிறாள் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள். இனிமேல் ஆடு இந்த நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்றார் தலைவர். குழு நோட்டில் 'நான்கு முட்டைகள், ஆடு மிதித்து அழிந்தன' என்று எழுதினார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும்.

சித்திரையில் அதே ஜோடி கொஞ்சம் தள்ளி மறுபடி முட்டையிட்டது. நான் மறுபடி கல் வைத்தேன். ஒரு புதன்கிழமை சும்மா பார்க்கப் போனேன். ஒரு காகம் வந்து வெள்ளைக் கல்மேல் உட்கார்ந்தது. அடுத்த கல்லுக்குத் தாவியது. பிறகு இறங்கி ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது. நான் ஓடிப் போவதற்குள் மற்ற முட்டைகளுக்கும் காகங்கள் வந்துவிட்டன. அன்றைக்கு அந்த நிலத்தில் ஆடே இல்லை.

ஞாயிறன்று வேனில் சொன்னேன். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அது வேற கூடு வே. இப்போ என்ன, அவ கால்ல போய் விழணுங்கீரா?"

ஆடு இல்லாமல் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது, நாலு புதுக் குருவி வரும் என்றார். மற்றவர்கள் இட்லி எங்கே சாப்பிடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

நான் மட்டும் அவள் வீட்டைத் தேடிப் போனேன். ஆட்டுப்பட்டி காலியாகக் கிடந்தது. மேய்க்க இடமில்லாமல் ஆடுகளை விற்றுவிட்டு, சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கூடத்துக்கு நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். காகத்தைக் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

"அத நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கு நின்னு சிரிச்சாங்கள்லா, அவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அதே இடத்துல வச்சு சொல்லுங்க, இவ ஆடு மிதிக்கலன்னு. ஆடு திரும்பாது. பேரு திரும்பட்டும்."

கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு இருவாச்சிப் பறவை பார்க்க சிவகிரிப் பக்கம் போவதாக முடிவாகியிருந்தது. முதலில் அந்தத் தரிசுக்குப் போவோம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அடுத்த வாரம் வேனில் எனக்கு இடம் இருக்காது என்று தெரியும். வேன் கிளம்பி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, அவள் தூக்குவாளியோடு தறிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். வேன் நிற்கும் என்று நினைத்தாளோ என்னவோ, ஓரமாக நின்றாள்.

நான் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு செல்போன் கடை, அடைத்துக் கிடந்தது.

என்ன தெரிகிறது என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். மைனா என்றேன்.