அன்று பஸ்ஸில் ஏறிய ஒரே ஆள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் தங்கை விட்டுப் போனவை. தேயிலைக் கொழுந்து பறித்தே எல்லோரையும் ஆளாக்கினேன், யாரிடமும் கை நீட்டியதில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

இது நடந்தது போன வருடம், மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில்.

எங்களுக்கு ஒரே ஒரு பஸ்தான். காலையில் மாத்தளைக்கு இறங்கும், மத்தியானம் ஒரு தடவை வந்து போகும், பின்னேரம் ஆட்களைக் கொண்டுவந்து விடும். டீசல் இல்லாத காலத்தில் அது நின்றது. டீசல் வந்த பிறகும் பஸ் வரவில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் இருந்த அக்காதான் டிப்போவுக்கு நடையாய் நடந்து, வாசலில் உட்கார்ந்து, சண்டை பிடித்து அதைத் திரும்ப வரவைத்தாள். கீரைக்கட்டுகளை மாத்தளைச் சந்தையில் விற்று வந்தவள் அவள். பஸ்ஸின் முன் சீட்டு அவளுக்குத்தான். கண்டக்டர் தம்பி அவளுக்கு வைத்த பெயர் ‘ஓனர் அம்மா’.

“ஓனர் அம்மா, இன்னைக்காவது டிக்கெட் எடுப்பீங்களா?”

“என் பஸ்ஸுல நான் ஏன்டா டிக்கெட் எடுக்கணும்?” என்பாள். சொல்லிக்கொண்டே காசை நீட்டுவாள்.

ஒரு நாள் அந்தத் தம்பி ஒரு செய்தி கொண்டுவந்தான். பஸ் கதவுகளுக்கு மேலே ஒரு பெட்டி மாட்டப் போகிறார்களாம். ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் அதுவே பார்த்து எண்ணுமாம். சரியாக எண்ணுகிறதா என்று டவுன் பஸ்களில் சோதித்துப் பார்த்துவிட்டு மலை ரோடுகளுக்கும் வருகிறார்கள். எங்கள் ரோட்டுக்கு ஒரே ஒரு நாள். அந்த எண்ணிக்கை டிப்போவுக்குப் போகும். ஆள் குறைவென்றால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள்.

அக்கா அன்றே லயம் லயமாகப் போனாள். எங்களில் பாதிப் பேர் பஸ் காசை மிச்சம் பிடிக்கக் குறுக்குப் பாதையில் ரத்தோட்டைக்கு நடப்பவர்கள். “அன்னைக்கு ஒருத்தரும் நடக்கக் கூடாது, எல்லாரும் ஏறணும்” என்று சொல்லிவிட்டு வந்தாள். என்னிடமும் வந்தாள்.

“எனக்கு டவுன்ல வேல இல்லக்கா. சும்மா எதுக்கு ஏறணும்?”

“வேல இல்லாட்டி என்னாடி? ரத்தோட்ட வரைக்கும் போயி ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வா.”

“அது ஏமாத்து இல்லையா?”

“ஆமா, வந்துட்டா அரிச்சந்திரன் தங்கச்சி” என்று திட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெட்டி வரும் நாளுக்கு முந்தின நாள் பின்னேரம், கீரைப் பாத்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா அப்படியே சாய்ந்தாள். தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது.

எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் வேலைக்குப் போவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. சவத்தை எடுக்கும்வரை பக்கத்துக் காம்பராக்களில் அடுப்பு எரியாது. என் காலத்திலும் அப்படித்தான். விடியற்காலைப் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணுவார்கள். ஒரு நாள்கூட நான் அந்த வரிசைக்குப் பிந்தியதில்லை. சாவு நாளில் மட்டும் பெரட்டுக்களம் வெறுமையாக இருக்கும். கணக்கப்பிள்ளை தோட்டத்துத் துரையிடம் காரணத்தைச் சொல்வார், துரையும் பேசாமல் இருப்பார்.

மறுநாள் காலை பஸ் வந்தது. தேயிலை ஸ்டோருக்கு முன்னால் திரும்பி நின்றது. ஏற ஒருத்தர்கூட இல்லை. ரோட்டோரம் சாவுக்குக் கட்டிய வெள்ளைக் கொடி மட்டும் ஆடியது. அந்தத் தம்பி அக்காவுக்காக ஹாரன் அடிக்கச் சொல்லுவான் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் ரோட்டுக்குப் போனேன். படியில் ஏறி உள்ளே தலையை நீட்டி, “தம்பி, ஹாரன் அடிக்க வேணாம். ஓனர் அம்மா போயிட்டாங்க” என்றேன்.

அவன் டிக்கெட் மெஷினைப் பிடித்தபடியே நின்றான். டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.

அப்போதுதான் பின் சீட்டில் ஒரு பெண் இருப்பதைக் கண்டேன். கொழும்பிலிருந்து பெட்டியோடு வந்த சிங்களப் பிள்ளை. பெட்டி எண்ணுவதைத் தன் கண்ணாலும் எண்ணி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. நான் படியிலிருந்து இறங்கியதும் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு, “அம்மே, ஒருத்தர் ஏறி ஒருத்தர் இறங்கினதா வந்திருக்கு” என்றாள்.

அந்த ஒருத்தி நான்தான். எங்கும் போகாதவள்.

பஸ் காலியாகவே இறங்கிப் போனது. எனக்கு அக்கா செத்ததைவிட அதுதான் அப்போது அதிகமாக உறுத்தியது. துரைக்குச் சொல்லக் கணக்கப்பிள்ளை இருந்தார். இந்தப் பெட்டிக்கு யார் சொல்வது?

பின்னேர பஸ் வந்தபோது கதை வேறு. மாத்தளையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் அக்காவின் சொந்தக்காரர்கள், சந்தையில் பக்கத்தில் கடை போட்டவர்கள், மாலையும் கையுமாக வந்து இறங்கினார்கள். மிதிபலகையில்கூடத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். இறங்கி முடியவில்லை. கூடவே அந்தப் பிள்ளையும் இறங்கி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அக்காவின் காலடியில் கைகூப்பி நின்றாள்.

“பாத்தியா, செத்தும் பஸ்ஸ நெறச்சுட்டா” என்றார் பக்கத்துக் காம்பராக்காரர். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது, ஆனாலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கும் ஒரு தெம்பு வந்தது. அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினேன். துவ என்றால் அவர்கள் பாஷையில் மகள்.

“துவ, காலையில வந்த எண்ணிக்கைய விட்டுடுங்க. இப்ப வந்தத எடுத்துக்கங்க.”

“அம்மே, காலையில ஆள் வராதது சாவுனால. இப்ப இவ்வளவு பேர் வந்ததும் சாவுனாலதான். ஒண்ண விட்டா ரெண்டையும் விடணும்.”

“விட்டா பஸ் நின்னுடுமே?”

“ரெண்டையும் வேணாம்னு எழுதிடுறேன். சாவு இல்லாத ஒரு சாதாரண நாள்ல திரும்ப வந்து எண்ணுறேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏமாத்து இல்லையா என்று அக்காவிடம் நியாயம் பேசியவள் நான். இப்போது ஒரு சின்னப் பெண் அதையே என்னிடம் சொல்கிறாள். “வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்க இந்தத் தோட்டத்துக்கு எத்தனையோ பேரு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, கிளினிக்குக்குப் போக ஒரு காலையில் பஸ் ஏறினேன். கதவுக்கு மேலே அந்தக் கறுப்புப் பெட்டி. பின் சீட்டில் அதே பிள்ளை. அவள் வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. நடக்கிறவர்கள் வழக்கம்போல நடந்தார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். முன் சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை உட்கார்ந்தாள். “அது ஓனர் சீட்டு, கவனமா உக்காரு” என்றான் கண்டக்டர் தம்பி.

நான் பின் சீட்டில் அந்தக் கொழும்புப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருவர் மிளகு மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கியபடி ஏறினார். பெட்டி அவரை இரண்டு பேராக எண்ணியது. அவள் ஒன்றைக் குறைத்தாள். எனக்கு மனசு கொஞ்சம் சுருக்கென்றது. அடுத்த வளைவில் ஒருத்தி தோளில் குழந்தையைப் போர்த்திக்கொண்டு ஏறினாள். பெட்டிக்கு அந்தக் குழந்தை தெரியவில்லை. கொழும்புப் பிள்ளை எட்டிப் பார்த்து ஒன்றைக் கூட்டினாள்.

“அதுக்கு டிக்கெட்டே இல்லையே, துவ?” என்றேன்.

“ஆள் ஆள்தானே, அம்மே” என்றாள்.

மாத்தளையில் இறங்கும்போது, “பஸ் நின்னுடுமா?” என்று கேட்டேன். “எனக்குத் தெரியாது. நான் எண்ணிக்கைதான் குடுப்பேன்” என்றாள். பொய்யாகக்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மாதம் மத்தியான பஸ்ஸை நிறுத்தினார்கள். அதில் காற்றுதான் போய் வந்தது, உள்ளதைச் சொன்னால் என்ன. காலையும் பின்னேரமும் இன்றுவரை ஓடுகின்றன. கிளினிக் நாளில் நான் அதில்தான் போகிறேன். அக்கா இருந்திருந்தால் மத்தியான பஸ்ஸுக்கு மறுபடி டிப்போ வாசலில் போய் உட்கார்ந்திருப்பாள்.

எத்தனையோ பேர் என்னை எண்ணியிருக்கிறார்கள். எங்களுக்காகக் கூட்டாமலும் எங்களுக்கு எதிராகக் குறைக்காமலும், எண்ணுவதற்கென்றே இரண்டாம் தரம் மலையேறி வந்தவள் அந்தப் பிள்ளை ஒருத்திதான். படியில் கால் வைக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வருகிறது.

போதும் புள்ள, பேனையை வை. முதலிலிருந்து வாசித்துக் காட்டு. நீ கூட்டியிருந்தாலும் குறைத்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.