சுவரில் தோள் மாறிய மாராப்பு

பி.ஏ. தேறி அருப்புக்கோட்டை திரும்பியபோது, மதுரையில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய படப்பெட்டியை உடன் கொண்டுவந்தேன். அஞ்சலட்டையையோ புகைப்படத்தையோ செருகிக் கார்பைடு விளக்கை ஏற்றினால், எதிர்ச்சுவரில் ஆளுயர உருவம் விழும். ஊரில் வேறெவரிடமும் அத்தகைய கருவி இருந்ததாக நான் அறியேன்.

அப்போது என் தங்கையைப் பெண் கேட்டுப் பாலவனத்தத்திலிருந்து வந்தார்கள். எங்களைப் போலவே வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். இந்தச் சம்பந்தம் தவறிவிடக்கூடாதென்று தந்தை தவித்தார். தங்கையோ திருச்சியில் ஆசிரியைப் பயிற்சியில் இருந்தாள். காட்டுவதற்கு இருந்தது உள்ளங்கையளவுப் புகைப்படம் ஒன்றே. அதை ஆளுக்காள் கைமாற்றிப் பார்ப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. கதவுகளைச் சாத்திப் பெட்டிக்குள் வைத்தேன்.

சுவரில் தங்கை தோன்றினாள். மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நின்றார்.

"என்னத்தா இது, மாராப்பு வலது தோள்ல கெடக்கு? நம்மள்ல யாரு இப்பிடிப் போடுறா?"

"தாய்வழி வேற ஆளுகளோ என்னமோ" என்றது இருட்டில் இன்னொரு குரல்.

தந்தையின் நாற்காலி கிறீச்சிட்டது. இந்தப் பெட்டியின் கண்ணாடி வில்லை இடதை வலதாக்கிக் காட்டும் என்று ஒளியியலை முறையாக விளக்கினேன்.

"படிச்சவுக சொன்னாச் சரித்தான். அப்ப மூக்கும் முழியும் மாறித்தான் தெரியுதாக்கும்!" என்றார் அத்தை.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மேலும் விளக்கினேன். தீய்ந்த வாடை வந்த பிறகே படத்தை உருவினேன். கழுத்துக்குக் கீழே கருகியிருந்தது. அத்தை கதவைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மொகம் லெச்சணமாத்தான் இருக்கு. தோளத்தான் காணோம். பிள்ளைய நேர்ல பாத்துட்டுப் பேசுவோம்."

உடனே வரும்படி தங்கைக்கு எழுதினோம். பரீட்சை முடியாமல் வர இயலாது என்று பதில் வந்தது. அதைப் பாலவனத்தத்துக்குத் தெரிவித்தோம். அங்கிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தந்தை என்னுடன் சாப்பிட உட்காருவதை நிறுத்தினார். என்னால் எந்தப் புத்தகத்திலும் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை. பஸ் வரும் வேளைகளில் காரணமின்றிக் கடைத்தெருவுக்குப் போனேன். தெரிந்தவர் எதிர்ப்பட்டால் கையிலிருந்த பத்திரிகையைப் பிரித்துக்கொண்டேன்.

ஒருநாள் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார். திருச்சிக்குப் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டே வந்திருந்தார்.

"நம்ம பழக்கந்தான், இடது தோளுதான்" என்றார் தந்தையிடம். "பரிச்ச முடியட்டும்னு கறாராச் சொல்லிருச்சு உங்க பிள்ளை. அதுக்கப்புறமே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுங்க."

தந்தை உள்ளே திரும்பி இலை போடச் சொன்னார். நான் பரிமாறினேன், உட்கார மனம் வரவில்லை.