செவலைக்கு நான் சொன்ன விலை

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்குப் பின்னால், ஆணியில் ஒரு கயிறு தொங்குகிறது. மாட்டின் கழுத்துக் கயிறு. கழுத்தில் உரசிய இடம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல் கறுத்து வழவழவென்றிருக்கும். அதில் கோத்த வெண்கல மணி ஒன்று. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. கயிறும் போனால் கொட்டாயில் இருக்கும் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று பயம். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டிக்கொள்ள வேண்டும், நாம் பழையதை அவிழ்த்து வீட்டுக்கு எடுத்துவர வேண்டும். இந்தக் கயிற்றைச் சந்தையில் அவிழ்த்தவள் என் நாத்தனார். அவள் செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. திருப்போரூர் பஸ்ஸின் போர்டை இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒரு மாடு தூரத்தில் வரும்போதே இன்ன விலைக்குப் போகும் என்று நான் சொன்னால், அந்த விலைக்குத்தான் போகும். பல் எத்தனை, இடுப்பெலும்பு எவ்வளவு துருத்தியிருக்கிறது, கறந்த பிறகு மடி சுருங்குகிறதா, இதையெல்லாம் எல்லாரும் பார்ப்பார்கள். நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் முகத்தையும் பார்ப்பேன். விடிந்ததும் வந்து, ஒரு டீகூடக் குடிக்காமல் நிற்கிறவன் அன்றைக்கே விற்றாக வேண்டியவன். அவன் மாட்டுக்கு ஆயிரம் குறைத்துச் சொல்லலாம். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு செங்கல்பட்டுப் பக்கத்துச் சந்தைக்கு நானே போக ஆரம்பித்தேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் என்னைக் கேட்காமல் மாடு வாங்கமாட்டார்கள். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்குள் விரல்களைப் பிடித்துத்தான் பேசுவார், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்று. அந்தத் துண்டுக்குள் பெண்பிள்ளை கை போனதே கிடையாது. ஆனால் அந்தத் தரகரே எல்லார் முன்னாலும், "யக்கா சொல்லிட்டா அதான் ரேட்டு. துண்டெல்லாம் சும்மா சடங்குக்கு" என்பார். எனக்கு அது போதையாக இருந்தது. இல்லை என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

நாத்தனார் என்னைவிட ஆறு வயது சின்னவள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள், கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். மனுஷரிடம் அதிகம் பேசமாட்டாள். "மாடு என் பொறுப்பு, வெலை உன் பொறுப்பு அண்ணி" என்று அடிக்கடி சொல்வாள். இந்தக் கயிறு கிடந்த செவலைப் பசு பிறந்த அன்றே அதன் தாய் செத்துப்போனது. புட்டிப்பால் கொடுத்து அதை வளர்த்தவள் அவள். ஐந்து ஈத்து வரைக்கும் அவள் கையைத் தவிர வேறு கைக்கு அது பால் விட்டதில்லை. ஆறாவதுக்கு இரண்டு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அந்த வருஷம்தான் எதிரே இருந்த மேய்ச்சல் நிலம் பூராவும் மனைகளாகி, மஞ்சள் வர்ணம் அடித்த கல்லை நட்டுவிட்டார்கள். வைக்கோல் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. விற்றுவிடலாம் என்றேன். அவள் மறுக்கவில்லை. "நல்ல வூடா பாத்துக் குடு அண்ணி" என்றாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

சந்தைக்குள் நுழைந்ததும் தரகர் செவலையைச் சுற்றிவந்தார். "இன்னா போகும்?" என்றார். பத்துப் பேர் காதில் விழும்படி, "இருபத்திரண்டாயிரம். ஒரு ரூபா குறையாது" என்றேன்.

முதலில் வந்தது சதுரங்கப்பட்டினம் பக்கத்து அம்மாள் ஒருத்தி. செவலையின் மடியைத் தடவினாள், நெற்றியைச் சொறிந்தாள். தென்னந்தோப்பு இருக்கிறது, எரு வேண்டும், தெருவில் நல்ல காளை இருக்கிறது, அதில் சினை நிற்கும் என்றாள். பத்தொன்பதுக்கு மேல் அவளிடம் இல்லை. நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, அந்தம்மா வூட்ல தோப்பு கீது, தண்ணி கீது. குட்த்துடலாம்."

கொடுத்திருப்பேன். தரகர் சிரித்துக்கொண்டே, "இன்னாக்கா, கண்ணு மங்கிடுச்சா? மூணாயிரம் தப்பா பூடுச்சே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பதினோரு மணி வாக்கில் லாரிக்காரர் வந்தார். மரியாதையான மனுஷர். மடியை அவர் பார்க்கவில்லை. தொடையைத் தட்டினார், விலாவைப் பிடித்துப் பார்த்தார். அவ்வளவுதான். எதற்கு வாங்குகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். தரகர் துண்டை என் பக்கம் நீட்டி, "இன்னிக்கி நீயே கைய வைக்கா" என்றார். துண்டுக்குள் அவர் கை என் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தது, விட்டது, மறுபடி இரண்டைப் பிடித்தது. இருபத்திரண்டு. என் விலை. உடம்பெல்லாம் ஏதோ ஏறியது எனக்கு. சரி என்று கையை அழுத்திவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் நாத்தனார் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். செவலை அவள் தோளை நக்கிக்கொண்டு நின்றது. லாரிக்காரர் புதுக் கயிற்றைப் போட்டு இழுத்தபோது அது போகவில்லை. இவள்தான் லாரிவரை கூட நடந்தாள், அப்புறம்தான் ஏறியது. பஸ்ஸில் வரும்போது கயிற்றை மடியில் வைத்துக்கொண்டாள். குலுங்கும்போது மணி அடிக்கக் கூடாதென்று உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டே வந்தாள். வீடு வரும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை.

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. முன்போலவே சோறு போட்டாள், முன்போலவே பக்கத்தில் படுத்தாள். அவள் பால் விடாத வரக்காப்பிதான் குடிக்கிறாள் என்பதை நான் கவனிக்கவே நாலைந்து மாதம் ஆனது. ஏன் என்று கேட்டேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "நீ சொன்ன வெலை சரிதான் அண்ணி. அந்தாளு கறிக்குச் சொன்னான். நீயும் அதான் சொல்லிக்கினு இருந்த" என்றாள், கோபமே இல்லாமல். உண்மைதான். பல்லையும் எலும்பையும் சதையையும் எண்ணியவள் நான். புட்டிப்பால் கொடுத்தது என் எண்ணிக்கையில் வரவில்லை. அதன் பிறகு நான் சந்தைக்குப் போகவில்லை. அவள் சாகும்வரை பால் தொடவில்லை.

போன வாரம் மாமல்லபுரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஹோட்டல்களில் அழகுக்கு வைக்க உரல், அண்டா, மாட்டு மணி எல்லாம் ஊர் ஊராக வாங்குகிறவன். கதவுக்குப் பின்னால் இருந்த கயிற்றை எட்டிப் பார்த்துவிட்டான். "மணியோட இன்னா வெலை பாட்டி? ஊர்ல கேட்டேன், வெலை சொல்றதுல நீங்கதான் கில்லின்றாங்க" என்றான். மருமகள், "சும்மாதான அத்த தொங்கிக்கினு கீது, குடுத்துடுங்க" என்றாள்.

கயிற்றை இறக்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கறுத்த இடத்தில் விரல் போய் நின்றுகொண்டது. பையன் செருமினான்.

"எனக்கு வெலை சொல்லத் தெரியாதுப்பா" என்றேன். என் ஆயுசில் இதை நான் சொன்னது அன்றைக்குத்தான்.

அவன் போன பிறகு கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். மாட்டி முடிக்கும்வரை மணியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன்.