பூசணம் பிடித்த பரணி

கரமனையில் என் வீட்டு மாடியில் இரண்டு பெண்பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். ஒருத்தி நாகர்கோவில்காரி, மற்றவள் இந்த ஜில்லாவிலேயே தூரத்து ஊர்க்காரி, மலையாளம் கலந்து பேசுவாள். டீச்சர் வேலைக்குப் படிக்கிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் சயன்ஸ் பாடம் நடத்திப் பழகுகிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்வதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அவர்கள் அறை நேர்மாறு. உறிஞ்சுகுழல், பலூன், பாட்டில் மூடி, ஊசியில்லாத சிரிஞ்சு. கேட்டால், அதெல்லாம் பாடம் நடத்தும் சாமான்களாம்.

ஒருநாள் மாடி பெருக்கப் போனவள் ஜன்னலோரத்தில் ஒரு டிபன் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே ரொட்டி, பச்சையும் கறுப்புமாகப் பூசணம். பாவம், படிக்கிற மும்முரத்தில் மறந்துவிட்டார்கள் என்று ரொட்டியை எறிந்து, பாக்ஸைத் தேய்த்துக் கவிழ்த்தேன்.

சாயங்காலம் நாகர்கோவில்காரி படியிறங்கி ஓடிவந்தாள்.

"ஆச்சி, ஜன்னல்ல இருந்த ரொட்டி எங்க?"

"களஞ்சாச்சு மக்கா. பாக்ஸு பளபளன்னு இருக்கு பாரு."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சு நாளா வளத்தேன் ஆச்சி. நாளைக்குக் காலம்பற பூஞ்சைப் பாடம். மார்க் போட காலேஜ்ல இருந்து சார் வாறாரு."

மற்றவள் மேலேயிருந்து, "எடீ, போன்ல வீடியோ காணிச்சா மதி, அது போதும். சாரு எப்படியும் உறங்கும்" என்றாள்.

"வீடியோ பிள்ளைக தினமுந்தான் பாக்குதுக. இது அதுக கண்ணு முன்னால உசுரோட இருக்கணும்டீ."

என் மாங்காய் ஊறுகாய் தெருவில் பேர் பெற்றது. எத்தனை வருஷமானாலும் பூசணம் பிடிக்காது என்று வாசலில் நின்று நானே பெருமையடித்திருக்கிறேன். இந்த முறை ஒரு பரணியில், ஜாடி முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டது. ஈரக் கரண்டி போட்டது நான்தான். ஒருத்தருக்கும் தெரியாமல் கொட்டிவிடலாம் என்று மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

அவள் அழுகிறதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பரணியை இழுத்து அவள் முன்னால் வைத்தேன். "ஆரு வீட்டுதுன்னு மூச்சு விடப்பிடாது."

திறந்து பார்த்தவள், "எடீ, ஓடி வா, எத்தனை நிறம்!" என்று கூவினாள். நகைப் பெட்டியைத் திறந்தவள்கூட அப்படிக் கூவமாட்டாள். லென்ஸை என் கையில் கொடுத்தாள். நான் அழுக்கு என்று நினைத்திருந்தது அழுக்கே இல்லை. வெள்ளை நூல் நூலாக எழும்பி நிற்கிறது. நூலின் நுனியில் குண்டூசித் தலை போலப் பச்சை உருண்டை. எண்ணி முடியாது. யார் நட்டது இதை? வாழ்நாள் முழுக்கத் துடைத்தெறிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் வந்தாள். பாடம் நன்றாக நடந்தது முகத்திலேயே தெரிந்தது. மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லையாம். சாரும் லென்ஸை வாங்கிப் பார்த்தாராம்.

"ஆரு போட்ட ஊறுகாய்னு கேட்டாரு ஆச்சி."

"நீ என்ன சொன்ன?"

"நான் போட்டதுன்னு சொன்னேன். உங்க மானம் போகாதுல்லா?"

சரி என்று தலையாட்டிவிட்டு அடுக்களைக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைத்தேன். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து படியடியில் நின்று கூப்பிட்டேன்.

"மக்கா, மார்க்கு போட்டாச்சுல்லா? இனி சார்கிட்டச் சொல்லு, அது கரமனை ஆச்சி பரணியில முளைச்சதுன்னு."