குடைப் படம் போட்ட கட்டில்

பேத்தி ஒரகடத்தில் மேசை நாற்காலி செய்யும் கம்பெனிக்குப் போகிறாள். போன வாரம் ஷிப்ட் முடிந்து வரும்போது கையகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு கொண்டுவந்தாள். வெளிநாட்டு மரமாம், பாப்லர் என்று பெயராம். வாங்கி நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் அப்படியே பதிந்தது. வெளுத்த மரத்தில் பாசி நிறத்தில் ஒரு கோடு.

"இது என் கட்டிலாச்சே" என்றேன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

கல்யாணத்துக்கு அம்மா எனக்குப் பித்தளை அண்டா கொடுத்தாள், குடம் கொடுத்தாள். அந்த அண்டா இன்னும் இருக்கிறது, ஒரு நசுங்கல் கிடையாது. கட்டில் மட்டும் அவளால் கொடுக்க முடியவில்லை. என் ஓர்ப்படி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, தேக்குக் கட்டிலோடு அதே வீட்டுக்கு வந்தவள். அதை வைத்து அவள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. குத்திக்கொண்டது என் அம்மாதான். தண்டலத்திலிருந்து காலையில் பஸ்ஸேறி வருவாள், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போம்மா" என்பேன்.

"எங்கடி படுக்கிறது? கீழ குந்துனா முட்டி எழுந்திருக்க வுட மாட்டேங்குது. அவ கட்டில்ல படுத்தா, பொண்ணுக்குக் கட்டில் குடுக்காதவ இங்க வந்து சொகமா படுத்துகினு கீறான்னு ஊரு சிரிக்கும்."

இப்படியே பதினோரு வருஷம். ஒரு பொழுதுகூட அம்மா என் வீட்டில் தங்கி விடியவில்லை. எனக்கு அவள் வாயிலிருந்து வெற்றிலை மணத்தோடு ஊர்க்கதை கேட்டுக்கொண்டே தூங்கிப்போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்கு ஒரு கட்டில் வேண்டியிருந்தது.

அப்போதுதான் மறைமலை நகர் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்தன. என் வீட்டுக்காரர் ஒன்றில் லோடு இறக்கும் வேலையில் இருந்தார். கடல் தாண்டி ஒரு மிஷின் வந்தது, அறையளவு மரப்பெட்டிக்குள். மிஷினை எடுத்த பிறகு பலகையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். இவர் மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். பலகையில் கறுப்பு மையில் என்னென்னமோ எழுத்து. எழுத்து எனக்கு எதற்கு? நடுவில் படங்கள் இருந்தன. ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கிண்ணம், வானத்தைப் பார்த்த இரண்டு அம்பு. அந்தக் குடை அத்தனை அழகு.

ஆசாரி வந்து பலகையை முகர்ந்தார், தட்டினார், தூக்கினார்.

"இன்னா மரம்னே புரியல தங்கச்சி. வாசனயும் இல்ல, வைரமும் இல்ல. தக்கை மாதிரி லேசா கீது."

"கட்டில் ஆவுமா?"

"ஆவும். ஆணி அடிச்சா பொளக்கல, எழைப்புளி வெச்சி சீவுனாலும் நல்லா வழிஞ்சி வருது. ஆனா பாலீஷு வாணாம், திட்டுத்திட்டா குடிக்கும். பெயிண்ட் அடிச்சி மூடிடு. மூடுனாத்தான் இது தாங்கும்."

மூன்று நாளில் கட்டில் நின்றது. நான் ஒருத்தியே அதைத் தூக்கி மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தேன். குடை போட்ட பலகையைத் தலைமாட்டில் வைக்கச் சொல்லியிருந்தேன். பெயிண்ட் அடித்தால் குடை மறைந்துவிடும் என்று அடிக்கவே விடவில்லை.

அம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். தை பிறந்ததும் வருகிறேன், பத்து நாள் இருக்கிறேன் என்று பதில் வந்தது. நான் அரிசி புடைத்தேன், வெற்றிலை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தேன்.

அவள் வருவதற்கு முந்தின நாள் ஓர்ப்படி தன் கட்டிலை வெயிலில் போட்டாள். மூட்டைப்பூச்சி. எங்கள் பக்கம் அதற்கு ஒரே வைத்தியம், கொதிக்கக் கொதிக்க வெந்நீரை மூட்டு மூட்டாக ஊற்றுவது. மாதம் ஒரு தரம் ஊற்றினாலும் அவள் தேக்கு அசையாது.

"உன்துக்கும் ஊத்திடு. என் கட்டில்லருந்து வந்து ஏறியிருக்கும். உங்கம்மாவ பூச்சி கடிச்சா எனக்கில்ல கெட்ட பேரு" என்றாள்.

நல்லதுக்குத்தான் சொன்னாள். அம்மா கொடுத்த அண்டாவிலேயே தண்ணீர் காய்ச்சினேன். மூட்டுகளுக்கு ஊற்றியது போதாதென்று பலகைக்கும் ஊற்றினேன். மரம் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டே இருந்தது. மதிய வெயிலில் முறுக்கிக்கொண்டது. சாயங்காலம் உள்ளே போட்டால் மூன்று கால்தான் தரையில் நிற்கிறது.

ஆசாரியை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

"மூடுன்னு சொன்னேன், நீ குளிப்பாட்டிகீற" என்றார். "நாலு நாள் காயட்டும். ஈரத்துல கைவெச்சா இன்னும் கோணும்."

நாலு நாளுக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"நனைக்காதன்னுதானே குடை போட்டுகீறான். தல மேலயே இருந்துதேடி."

"அத நீ முன்னமே சொல்றதுதானே?"

"எனக்கு மட்டும் இப்பத்தான தோணுது."

எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் போட்ட படத்தை நான் அழகு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அம்மா வந்தாள். கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தாள், உட்கார்ந்தாள். அது டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள் என்றே நினைத்தேன். அம்மா எழுந்து வெளியே போனாள். வேலியோரம் கிடந்த ஓட்டுச்சில்லு ஒன்றைப் பொறுக்கி வந்து முந்தானையில் துடைத்தாள்.

"தூக்குடி."

தூக்கினேன். காலடியில் செருகினாள். திரும்ப உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"மூணு கால் உன் புருஷன் குடுத்தான். நாலாவது கால் நான் குடுத்துட்டேன். இனிமே எவளும் கேக்க முடியாது" என்றாள்.

ஓர்ப்படி வாசற்படியில் நின்றபடி, "யாரு கேட்டாங்க அத்த உங்கள? பதினோரு வருஷமா நீங்களே கேட்டுகினு நீங்களே ஓடுறீங்க" என்றாள். அம்மா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை தெறித்தது.

பத்து நாள் என்று வந்தவள் பதினாறு நாள் இருந்தாள். காய்ந்ததும் ஆசாரி கட்டில் காலைச் சீவ வந்தார். நான் விடவில்லை.

அதற்கப்புறம் அம்மா இன்னும் நான்கு தடவை அதில் படுத்தாள். பிறகு வர அவள் இல்லை. கட்டிலையும் கரையான் தின்றது. அந்தப் பாசிக் கோடெல்லாம் பழுப்பாகிப் போயிருந்தது. மிச்சத்தை அடுப்பில் வைத்தால் ஒரு உலை கொதிக்கும் முன்னே எரிந்துவிட்டது.

இப்போது எனக்கு இரும்புக் கட்டில். தலைமாட்டுக் காலுக்கு அடியில் அந்த ஓட்டுச்சில்லை வைத்திருக்கிறேன்.

"நல்லா நிக்கிற கட்டில நீயே ஆட வெச்சிகினு கீற ஆயா" என்கிறாள் பேத்தி.

ஆடுகிறதுதான். புரளும்போதெல்லாம் அம்மா அன்று உட்கார்ந்ததுபோல் டக்கென்று ஒரு சத்தம் வருகிறது. அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.