பத்து ஸ்லைடு இலவசம்

போன திங்கட்கிழமை காலை 6.50க்கு, இரண்டாவது காப்பிக்கும் செய்தித்தாளுக்கும் நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்களைக் காணாமல் வருந்துகிறோம்" என்று ஆரம்பித்திருந்தது. என்னை இதுவரை யாரும் இப்படித் தேடியதில்லை. கொஞ்சம் நெகிழ்ந்துபோய் மேலே படித்தேன். வெகுகாலமாகத் திறக்கப்படாத இலவசக் கணக்குகளை முப்பது நாளில் அழிக்கப்போகிறார்களாம். வருத்தம் அவ்வளவுதான்.

ஆசிரியர்களும் மாணவர்களும் படம், எழுத்து, சத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாடக்காட்சி தயாரிப்பதற்காக இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்த தளம் அது. என் வாழ்நாளில் அதில் ஒரே ஒரு காட்சிதான் செய்திருக்கிறேன். அதைப் பார்க்கக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லுக்கு அந்த வருட டைரி வேண்டும். என் டைரிகள் வருடவாரியாக, இடமிருந்து வலமாக அடுக்கப்பட்டிருப்பதால் எடுக்க அரை நிமிடம்தான் ஆனது. போடி கடைத்தெருவில் ஒரு ஏலக்காய் வியாபாரி கொடுத்த டைரி. பிரித்ததும் இன்னும் ஏலக்காய் வாசம் வந்தது. அது அந்துருண்டை வாசம் என்றாள் என் மனைவி. இரண்டு கருத்தையும் இந்த வருட டைரியில் குறித்துக்கொண்டேன்.

கடவுச்சொல்லைப் பாதுகாப்புக்காகத் தலைகீழாக எழுதியிருந்தேன். அதன் கீழே, "மேலே உள்ளது கடவுச்சொல், புரட்டிப் படிக்கவும்" என்று நேராகவும் எழுதியிருந்தேன்.

அப்போது சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஒரு நாள் எங்களுக்கு புரொஜெக்டர் வந்தது. வந்தது என்றால் கல்யாணப் பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்புவதுபோல இரண்டு வாரத்துக்குத்தான். மூன்று பள்ளிகளுக்கு இப்படிக் கொடுத்துப் பார்ப்பார்கள். கடைசி நாளில் மேலதிகாரி வந்து ஒரு மாதிரி வகுப்பைக் கவனிப்பார். எந்தப் பள்ளி நன்றாகச் செய்கிறதோ, புரொஜெக்டர் அந்தப் பள்ளிக்கே.

அது எங்களுக்கு வேண்டும் என்று எல்லாரையும்விட அதிகம் ஆசைப்பட்டவர் அறிவியல் ஆசிரியை செல்லமணி டீச்சர். பாடம் நடத்தினால் பேருந்து நிறுத்தம் வரை கேட்கும் குரல். ஏழாம் வகுப்புக்கு நீர்ச்சுழற்சி நடத்தும்போதெல்லாம் அவர் கடலில் தட்டி நிற்பார். இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை, நடுவில் எங்கள் பிள்ளைகள். வகுப்பில் நாற்பத்தோரு பேர். கடலைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் பார்த்தது வைகை அணை என்று விசாரணையில் தெரிந்தது.

"எத்தனை வருசம் சார் சாக்பீஸ்ல கோடு இழுத்து, இதுதான் அலைன்னு சொல்றது?" என்றார். "ஒரே ஒரு தடவை நெசமா அசையுற கடலை இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டணும். இந்த மிஷினு போயிருச்சுன்னா மறுபடி கோடுதான்."

கணினி எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியும் என்று நானே சொல்லிக்கொண்டிருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது. அந்த இலவசத் தளத்தைக் கண்டுபிடித்தேன். எழுத்துகள் பறந்து வரும், பூ கொட்டும், பொத்தானைத் தட்டினால் கைதட்டல் கேட்கும். ஒரே நிபந்தனை, இலவசக் கணக்குக்குப் பத்து ஸ்லைடுதான். நீர்ச்சுழற்சிக்கு ஒன்பது, நன்றிக்கு ஒன்று என்று டைரியில் கட்டம் போட்டேன்.

கட்டத்தைத் தலைமையாசிரியரிடம் காட்டியதுதான் பிழை.

"எடுத்த எடுப்புல பாடமா? மொதல்ல குத்துவிளக்கு. அப்பறம் நல்வரவு. அப்பறம் வர்ற அதிகாரி படம். அப்பறம் நம்ம பெரியவுக படம். பள்ளிக்கூடக் கட்டடம், கபடிக் கோப்பை, ஆசிரியர் குழு, நட்ட மரம், நன்றி."

"பாடம் சார்?"

"அது எங்க போகப்போகுது? கடைசியா வரும்."

நீங்கள் எங்கள் பக்கத்து ஃப்ளெக்ஸ் பேனர்களைப் பார்த்திருந்தால் அவரைக் குறை சொல்லமாட்டீர்கள். காதுகுத்து பேனரில் காது குத்தப்படும் குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மீதியெல்லாம் வரவேற்பவர்கள். ஆக, ஒன்பது ஸ்லைடு வரவேற்புக்குப் போனது. பத்தில் ஒன்று மிஞ்சியது. செல்லமணி டீச்சர் அதில் கடலை மட்டும் வைக்கச் சொன்னார். "மத்ததை நான் வாயாலயே ஓட்டிருவேன். கடலை எடுத்துறாதீக சார்."

அதிகாரியின் படம் எங்களிடம் இல்லை. தளத்தின் இலவசப் படக்கிடங்கில் 'அதிகாரி' என்று தேடியதற்கு, கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர் கிடைத்தார். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். "கம்பீரமா இருக்காக. இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியர்.

பெரியவர்கள் நான்கு பேர். ஊராட்சித் தலைவர், மின்விசிறி வாங்கிக்கொடுத்த ஐயா, பெற்றோர் சங்கத் தலைவர் சீனிச்சாமி, முன்னாள் தலைவர் கருத்தப்பாண்டி. பின்னவர்கள் இருவரும் மாமன் மச்சான் முறை. அந்த வருட வீரபாண்டித் திருவிழா பேனரில் ஒருவர் படம் இன்னொருவர் படத்தைவிட அரை அங்குலம் சிறியதாகிவிட்டதால், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே பேசாமல் இருந்தார்கள். இப்போது யார் படம் முதலில் என்று இருவரும் தனித்தனியாக வந்து விசாரித்தார்கள்.

தளத்தின் அசைவுப் பட்டியலில் எனக்கு வழி கிடைத்தது. படங்களை ராட்டினம்போல மேலும் கீழுமாகச் சுற்றவிடும் வசதி. திருவிழா ராட்டினத்தில் முதல் பெட்டி எது, கடைசிப் பெட்டி எது? இருவருக்கும் சம்மதம். ஆனாலும் ஏற்றும்போது ஏதாவது ஒன்றை முதலில் ஏற்றத்தானே வேண்டும்? செவ்வாய்க்கிழமை மாலை 4.10க்குக் கருத்தப்பாண்டி படத்தை முதலில் ஏற்றினேன். அவர் படம்தான் முதலில் வந்து சேர்ந்தது, வேறு காரணமில்லை. யாரிடமும் சொல்லவில்லை, டைரியிடம் தவிர.

மாதிரி வகுப்பு வெள்ளிக்கிழமை. திரைக்குத் தலைமையாசிரியரின் எட்டு முழ வேட்டி. அதனால் எல்லாப் படத்துக்கும் பச்சைக் கரை இருந்தது. புரொஜெக்டர் சூடேறியதும் இஸ்திரிப் பெட்டி வாசம் வந்தது. இப்போதும் சட்டை தேய்க்கும் கடையைத் தாண்டினால் எனக்கு அந்த வகுப்புதான் ஞாபகம் வரும். இணையத்துக்கு ஒரு டாங்கிள். அதற்கு சிக்னல் கிடைத்த ஒரே இடம் மேற்கு ஜன்னல். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாக்காரன் செல்போன் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும்.

அதிகாரி வந்தார். நூல் சேலை கட்டிய அம்மையார்.

குத்துவிளக்கு எரிந்தது. நல்வரவு பூ கொட்டியது. கைதட்டலோடு வெள்ளைக்காரர் சிரித்தார்.

"இது யாரு?" என்றார் அம்மையார்.

தலைமையாசிரியர் எழுந்து கைகட்டி, "ஆளு இல்லைங்கம்மா, பதவி" என்றார்.

நான் அவசரமாக அடுத்ததைத் தட்டினேன். ராட்டினம் வந்தது. நான்கு பேரும் மாலையோடு சுற்ற ஆரம்பித்தார்கள். அடுத்ததைத் தட்டினேன். சுற்றினார்கள். மறுபடி தட்டினேன். சுற்றிக்கொண்டே இருந்தார்கள். ஜன்னலைப் பார்த்தால் டாங்கிளின் விளக்கு அணைந்திருந்தது. கேரளா கைவிட்டுவிட்டது. ஏற்கனவே வந்து சேர்ந்த ராட்டினம் மட்டும் நிற்காமல் ஓடியது. கடல் வரவில்லை.

பின்வரிசையில் ஒரு பிள்ளை, "ஏலே, எங்க தாத்தா கீழ வாராரு!" என்றது. வகுப்பு சிரித்தது. தலைமையாசிரியர் வியர்த்தார். செல்லமணி டீச்சர் அணைந்த விளக்கையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் மூங்கில் குச்சியை எடுத்தார்.

"எல்லாரும் இங்கன பாருங்க. கீழ இருக்காகளே ஊராட்சித் தலைவர், அவுகதான் கடல். வெயில் அடிக்குது. மின்விசிறி ஐயா நீராவியாகி மேல போறாக. மேல போயிக் குளுந்து, சீனிச்சாமி ஐயா மேகமா நிக்கிறாக. மேகம் தாங்குமா? தாங்காது. கருத்தப்பாண்டி ஐயா மழையா எறங்கி வாராக. எங்க வாராக?"

"கடலுக்கு டீச்சர்!" என்றது நாற்பத்தோரு குரல்.

"அப்பறம்?"

"மறுபடி மேல டீச்சர்!"

"இதுல யாரு மொதல்ல, யாரு கடைசி?"

"யாருமில்ல டீச்சர்!"

விருந்தினர் நாற்காலியில் இருந்த சீனிச்சாமி முகம் மலர்ந்து, பேசாத மச்சானைப் பார்த்து, "நான் மேகம்யா" என்றார். கருத்தப்பாண்டி விடவில்லை. "மேகத்தை வச்சு என்னய்யா பண்ணுவ? நான் எறங்கலைன்னா உன் வாழைக்கு ஏது தண்ணி?" திருவிழாவுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு, மணி 11.32.

அம்மையார் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு முதல் வரிசைப் பெண்ணை எழுப்பி நீர்ச்சுழற்சியைச் சொல்லச் சொன்னார். நான்கு பெரியவர்களின் பெயரோடு அவள் ஒரு பிழையுமில்லாமல் சொன்னாள்.

புரொஜெக்டர் எங்களுக்கே கிடைத்தது. அடுத்த புதன்கிழமை, டாங்கிளை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டி, பத்தாவது ஸ்லைடைத் திறந்தோம். பச்சைக் கரை போட்ட கடல் அசைந்து வந்தது. முதல் பெஞ்சுப் பிள்ளைகள் ஏழு பேரும் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். செல்லமணி டீச்சர் அன்று பாடமே நடத்தவில்லை. குரல் பேருந்து நிறுத்தம் வரை போகாத ஒரே நாள் என்று குறித்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமை அந்தக் கடவுச்சொல் வேலை செய்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். குத்துவிளக்கின் சுடர் அசையவில்லை. பூவும் கைதட்டலும் போய்விட்டன. கடல் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். 'இந்த அசைவு வசதி விலக்கிக்கொள்ளப்பட்டது' என்று ராட்டினத்தின் கீழே எழுதியிருந்தது. நான்கு பேரும் ஏற்றிய வரிசையிலேயே நேர்க்கோட்டில் நின்றார்கள். முதலில் கருத்தப்பாண்டி. அவர் போன தை மாதம் காலமாகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சீனிச்சாமிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சுத்தலைன்னா வரிசையால்ல நிக்கும்? யாரு சார் மொதல்ல நிக்கிறது?" என்றார்.

துல்லியம் என்று ஒரு வாழ்நாள் முழுக்க அலட்டிக்கொண்டவன் நான். "நீங்கதான்யா" என்று சொல்லிவிட்டேன்.

"மச்சானை மொதல்ல போட்டிருக்கலாம்ல சார்" என்றார். "பாவம், அவருக்கு அதுல ஒரு ஆசை. இப்ப மாத்த முடியுமா?"

"பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டு, கணினியைத் தொடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். 7.35க்கு மறுபடி கூப்பிட்டு, "மாத்தியாச்சுய்யா" என்றேன்.

"நல்லது சார். இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும்."

கணக்கை அழிக்க இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. அதுவரை கருத்தப்பாண்டிதான் முதல்.